ஆளுக்குக் கொஞ்சம் புல்லாங்குழல்

என் குடித்தனத்தைக் கெடுத்தது நீங்கதான், மாஸ்டர். மழுப்பாதீர்கள். நடந்ததை இந்தக் கடிதத்தில் சொல்கிறேன், ஊரும் கேட்கட்டும்.

நான் ராக்கியப்பன், மாட்டுத் தரகன். எட்டு வயசில் சந்தைக்கு வந்தவன். எனக்குப் பாடம் சொன்னதெல்லாம் மாடுகள், அதுவும் பின்னங்காலால். துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசினேனென்றால் எந்த வியாபாரியையும் பாதிக்கு இறக்கிவிடுவேன். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

பெண் பார்க்கப் போன இடத்தில் திலகமணி ஒரே கேள்விதான் கேட்டாள்: "உங்களுக்குப் புல்லாங்குழல் வாசிக்கத் தெரியுமா?"

"ஓ, தெரியுமே!" என்றது என் பாழும் வாய்.

"அப்ப நிச்சயத்தன்னைக்கு ஒரு பாட்டு. இல்லைன்னா நிச்சயமே இல்லை."

மூன்று மாசம் இருந்தது. கூட்டாளிகள் சடையாண்டியையும் மருதாசலத்தையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு குழல் கற்க உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஒருத்தர் பீஸில் மூணு பேருக்கும் கற்றுத்தரும்படி கேட்டேன். மறுத்தீர்கள். உங்கள் கைமேல் துண்டைப் போட்டு விரலைப் பிடித்தேன்.

"யோவ், விடும்யா! குழல் வாசிக்கிற விரல்!" என்று அலறினீர்கள். "ஒருத்தர் பீஸுக்கு ஒருத்தர் பாடம்தான். மூணு பேரும் பங்கு போட்டுக்கோங்க!"

சொன்னபடி பங்கு போட்டோம்.

"இடது கைக்கு மூணு துளை. அது எனக்கு," என்றான் சடையாண்டி.

"வலது கைக்கு நாலு. எங்க வீட்டுல ஆள் ஜாஸ்தி, அது எனக்கு," என்றான் மருதாசலம்.

"நான் ஊதறேன். மாப்பிள்ளை நான்தானேடா?"

"மாப்பிள்ளைக்கு ஒத்தைத் துளைதானா?" சடையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம்டா."

மறுநாள் நான் நடுவில் உட்கார்ந்து ஊத, இவன் இடப்பக்கமும் அவன் வலப்பக்கமுமாகக் கைநீட்டித் துளைகளை மூடினார்கள். நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். தாளம் என்று நினைத்து நாங்களும் அடித்துக்கொண்டோம்.

"காத்துக் கசியுது, நல்லா அடைங்க" என்றீர்கள். குழலைப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனோம். பஞ்சர்க்காரர் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, "இத்தனை ஓட்டையோட எப்படிங்க ஓட்டுனீங்க?" என்று வருத்தப்பட்டு, அத்தனைக்கும் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார்.

"இனிமே பொட்டுக் காத்து வெளிய போகாது மாஸ்டர்!" என்று பெருமையாக நீட்டினேன். அன்றைக்கு நீங்கள் பாடமே நடத்தவில்லை. ஒட்டுப் பிய்ப்பதிலேயே பொழுது போயிற்று.

எப்படியோ நிச்சயத்தன்று பாட்டு வந்துவிட்டது. ஒரு குழலில் மூன்று தடியன்கள் தொங்குவதைப் பார்த்துத் திலகமணிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். "சரி, கட்டிக்கிறேன். ஆனா தினம் சாயங்காலம் இந்தப் பாட்டு வேணும்," என்றாள்.

கல்யாணம் ஆயிற்று. தினம் சாயங்காலம் இரண்டு பேரும் வந்தார்கள், வாசித்தார்கள், தின்றார்கள், போனார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. போன மாசம் மருதாசலத்துக்கும் கல்யாணம் ஆயிற்று. அவன் பெண்டாட்டிக்கும் அதே சாயங்காலம் அதே பாட்டு வேண்டுமாம்.

"குழல் ஒண்ணு, வீடு ரெண்டு. என்ன பண்றது?" என்றேன்.

சடையாண்டி ரொம்ப நேரம் யோசித்தான். "பாடத்தைப் பிரிச்சோம், நல்லாத்தானே இருந்துச்சு? குழலையும் பிரிச்சுடுவோம். அவனவன் பங்கு அவனவன் வீட்டுல இருக்கட்டும்."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ரம்பத்தை எடுத்து நானே அறுத்தேன், மாஸ்டர். என் பங்கு ஊதுகிற துண்டு. ஊதினால் 'ஊ' என்கிறது. அதற்குமேல் ஒன்றும் பேசமாட்டேன் என்கிறது. மருதாசலம் நாலு துளையையும் விரல் வலிக்க அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம். அந்த வீட்டில் சத்தமே இல்லை. திலகமணி பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் பாட்டு வராவிட்டால் அம்மா வீடாம்.

நேற்று மூணு பேரும் கூடிப் பேசினோம். அறுக்கும்போது கொட்டிய தூளில்தான் பாட்டு போயிருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஒரு பொட்டு விடாமல் கூட்டி அள்ளி, பொட்டலம் கட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். காற்றில்லாத இடமாகப் பார்த்துப் பிரியுங்கள். உள்ளே இருக்கிற பாட்டைப் பொறுக்கி எடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் நீங்களே நேரில் கொண்டுவந்து என் குழல் துண்டுக்குள் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள், மாஸ்டர்!