புறவாசலில் ஒரு குச்சி

பச்சையாற்றங்கரையில் ஒரு சின்ன மடம். அதை நடத்தியவள் பேராச்சி அம்மாள். நாற்பது வயதுதான் இருக்கும். அவளிடம் பாடம் கேட்க வந்தவர்களில் மூத்தவர் ஆவுடையப்பன், ஊரில் பாதி வீடுகளுக்குச் சுவர் எழுப்பிய கொத்தனார். குரு அவரை ‘அண்ணாச்சி’ என்பாள். சீடர் குருவை ‘அம்மா’ என்பார். மற்றவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவர்கள் இருவருக்கும் இல்லை.

அன்று காலை ஆவுடையப்பன் மடத்துக்கு வந்தபோது கையில் ஒரு கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனையில் சாம்பி. சாம்பல் நிறம், உடம்புக்கு மீறி வளர்ந்த கால்கள், இன்னும் குட்டித்தனம் போகாத பெட்டை நாய்.

“இதைத் திரும்ப வாங்கிக்கிடுங்கம்மா.”

“ஏன் அண்ணாச்சி?”

“சோறு திங்க மாட்டேங்கு. எங்கிட்ட இருந்தா இதுவும் செத்துப்போகும்.”

அந்த ‘இதுவும்’ என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. மடத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.

ஆவுடையப்பனிடம் முன்பு செவலை என்றொரு நாய் இருந்தது. மனைவி போன பிறகு, அந்த வீட்டில் அவர் பேச்சுக்குக் காது கொடுத்த ஒரே உயிர். சாமிக்குப் பூ வேண்டுமே என்று மடத்திலிருந்து ஒரு செவ்வரளிக் கொம்பை வாங்கிப்போய்ப் புறவாசலில் நட்டிருந்தார். அது தழைத்துப் பூத்தது. தினமும் காலையில் ஓலைக் குடலை நிறையப் பூ மடத்துக்கு வரும். கூடவே செவலையும் வரும்.

ஒருநாள் அரளியைக் கழித்துவிட்டுக்கொண்டிருந்தவர், வெட்டிய குச்சி ஒன்றை விளையாட்டாக எறிந்தார். செவலை ஓடிப்போய்க் கவ்வி வந்து அவர் கையில் கொடுத்தது. மறுபடியும் எறிந்தார். மறுபடியும் கொண்டுவந்து கொடுத்தது. நாய்க்கும் சலிக்கவில்லை, அவருக்கும் சலிக்கவில்லை. கடைசியில் களைத்துப்போய், குச்சியை முன்னங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு கடித்தபடி படுத்தது.

அரளி விதை விஷம் என்று அந்தப் பக்கத்தில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். குச்சியிலும் அதே விஷம் ஓடுகிறது என்று சாமிக்குப் பூப்பறித்த மனுஷனுக்குத் தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் செவலை போய்விட்டது. இவர் எப்படியும் சரிசெய்துவிடுவார் என்ற நம்பிக்கையில் அது கடைசிவரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அந்தப் பார்வைதான் அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

பிறகு மடத்து வாசலில் யாரோ ஒரு குட்டியை விட்டுப்போனார்கள். பேராச்சி அம்மாள் அதை ஆவுடையப்பன் கையில் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதுதான் சாம்பி.

குரு இப்போது கயிற்றை வாங்கவில்லை.

“புறவாசலைக் காட்டுங்க, பாப்போம்” என்றாள்.

உச்சி வெயிலில் சாம்பியோடு இருவரும் போனார்கள். ஆவுடையப்பன் காலில் டயர் செருப்பு. குரு எப்போதும்போல வெறுங்கால்.

கொத்தனாருக்குக் கவலை வந்தால் சிமெண்டைத்தான் குழைப்பார். புறவாசல் முழுக்கத் தளம் போட்டிருந்தார். செடி கிடையாது, புல் கிடையாது, ஒரு பொட்டு மண் கிடையாது. சுற்றுச்சுவர் ஆள் உயரத்துக்கு மேலே போயிருந்தது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்களே, அங்கே நிஜமாகவே தேடினாலும் ஒரு கல் கிடைக்காது.

“பாம்பு பூரான் எதுவும் வர முடியாது” என்றார் ஆவுடையப்பன். “சந்து பொந்து எல்லாத்தையும் பூசிட்டேன். தாண்டி ரோட்டுக்கும் ஓட முடியாது. வாயில வைக்க ஒரு இலை கிடையாது. வேற என்னம்மா செய்ய?”

குரு புறவாசலின் நடுவே போய் நின்றாள். நின்றவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“அம்மா, சுடும். இந்தப் பக்கம் வாங்க.”

“சுடுமா?”

“அடுப்பாக் கெடக்கும்லா. கால் வெந்துரும்.”

குரு நகரவில்லை. ஆவுடையப்பனுக்குப் பதறியது. அவளை இழுக்கவும் கூடாது, விடவும் முடியாது. என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். அப்போதுதான் சாம்பி கண்ணில் பட்டாள். கதவோரம் இருந்த ஒரு முழ நிழலில், நாலு காலையும் வயிற்றுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டு ஒடுங்கியிருந்தாள்.

ஆவுடையப்பன் தன் செருப்பைப் பார்த்தார். அதைக் கழற்றிவிட்டு, குரு பக்கத்தில் போய் நின்றார். அவரால் கொஞ்ச நேரம்தான் நிற்க முடிந்தது.

குரு மடத்துக்குத் திரும்பினாள். சாம்பி அங்கேயே இருந்தாள்.

மறுநாளே கடப்பாரைச் சத்தம் கேட்டது. போட்ட கையாலேயே தளத்தைப் பெயர்த்தார். தெருவில் போனவர்கள், “கொத்தனாரே, நாய்க்குக் கல்யாண மண்டபம் கெட்டுதீரா, இடிக்கீரா?” என்று கேலி பேசினார்கள். அவர் தலை நிமிரவில்லை. செம்மண் கொண்டுவந்து நிரப்பினார். ஒரு பக்கம் அருகம்புல் பதித்தார். ஒவ்வொரு செடி நடுவதற்கு முன்பும் அதன் இலையைக் கொண்டுபோய் மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தார். பனையோலையில் ஒரு பந்தல், அதன் அடியில் அகன்ற மண்சட்டியில் தண்ணீர். சுவரில் நாயின் கண் உயரத்துக்குச் செங்கல்லை எடுத்துவிட்டு, தலை நுழையாத சின்னத் துளைகளுள்ள சிமெண்ட் ஜாலி வைத்தார், தெருவில் போகிற ஆடுகளை அது பார்க்கட்டும் என்று.

சாம்பி மூலையில் குழி பறித்தாள். ஈர மண்ணில் வயிற்றை வைத்துப் படுத்தாள். சட்டிச் சோறு மிச்சமில்லாமல் தீர்ந்தது. ஆடுகளைப் பார்த்து முதல் தடவையாகக் குரைத்தபோது ஆவுடையப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆனாலும் கொஞ்ச நாளில் மறுபடி மடத்துக்கு வந்தார். இந்தத் தடவை கையில் கயிறு இல்லை.

“தோட்டம் சரியாயிட்டும்மா. தனியா இருந்தா நல்லாத்தான் இருக்கு. நான் போனா மட்டும் எந்திச்சு நின்னு என் கையையே பாக்கு. பாத்துட்டு, பாத்துட்டு, தலையத் தொங்கப்போட்டுக்கிட்டுப் போயிருது.”

“கை என்ன செய்யும் அப்போ?”

குரு கேட்டபோதுகூட அவருடைய இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. சாம்பி வந்த நாளிலிருந்து அப்படித்தான். சோற்றை வைப்பார், தண்ணீரை வைப்பார், உடனே கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். ஒருநாள்கூட அவளுக்கு எதையும் நீட்டியதில்லை.

சன்னதியில் பூத்தட்டு இருந்தது. அதில் செவ்வரளி. அவர் தன் வீட்டுச் செடியை வேரோடு தோண்டி எரித்துவிட்டார். மடத்தில் அது இன்னும் பூத்துக்கொண்டுதான் இருந்தது. ஆவுடையப்பன் நெடுநேரம் அந்தத் தட்டையே பார்த்தார்.

“அந்தக் கொம்பை நீங்கதானேம்மா வெட்டிக் குடுத்தீங்க?”

“ஆமா.”

“உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?”

“தினமும் தட்டைத் தூக்கும்போது தோணும்.”

“பொறவும் தூக்குதீங்களே.”

“ஆமா அண்ணாச்சி. தூக்குதேன்.”

அவளுடைய குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. ஆனால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. இத்தனை நாளும் அந்தப் பாரத்தைத் தான் ஒருவன்தான் சுமக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் குரு அவர் வீட்டுப் புறவாசலுக்கு வந்தாள். கையில் ஒரு வேப்பங்குச்சி. பல் துலக்க ஒடிப்பதைவிட நீளமானது. பந்தலடியில் நின்று அதன் ஒரு முனையை வாயில் வைத்துக் கடித்தாள். நன்றாக மென்றாள். கசப்பைத் துப்பவில்லை, விழுங்கினாள். ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு குச்சியை அவரிடம் நீட்டினாள்.

“வேம்பு” என்றாள்.

ஆவுடையப்பன் கையைப் பின்னாலிருந்து எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எடுத்தார். வாங்கினார். அவரும் ஒரு கடி கடித்துப் பார்த்தார். வேம்புதான்.

குழிக்குள் படுத்திருந்த சாம்பி எழுந்துவிட்டாள். மண்ணை உதறவில்லை. வால் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. அவளுடைய கண் அவர் கையை விட்டு நகரவில்லை.

அவர் குச்சியை ஓங்கினார். எறியாமலே கையைக் கீழே இறக்கிவிட்டார்.

“முடியலம்மா.”

“வெசம் இல்ல அண்ணாச்சி.”

“தெரியும்.”

“சுவர் இருக்கு. ரோட்டுக்கும் போகாது.”

“தெரியும்மா.”

“பொறவு என்ன?”

ஆவுடையப்பனின் கண்ணீர் தாடியில் இறங்கியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

“எறியதுக்குப் பயமில்லம்மா. எறிஞ்சா ஓடும். கவ்வும். திரும்ப எங்கிட்டதான் கொண்டாரும். செவலை மாதிரியே எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு, எங்கையிலயே குடுக்குமே. அப்போ நான் என்ன செய்வேன்?”

“வாங்கிக்கிடுங்க” என்றாள் குரு.