உள்ளே வராத நாய்க்குட்டி

“எல்லாம் கத்துக்கிச்சுங்கம்மா. வீட்டுக்குள்ள இருக்கறதை மட்டும் கத்துக்க மாட்டேங்குது.”

நாச்சிமுத்து சொல்லிவிட்டு இருமினார்.

குரு முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

ஆற்றோரக் குடிலுக்கு நாச்சிமுத்து பல வருடங்களாக வருகிறவர். ஞாயிறு காலையில் வருவார், பாயில் உட்கார்ந்து கண்ணை மூடுவார், மற்றவர்கள் எழும்போது எழுந்து போய்விடுவார். கேள்வி கேட்கும் பழக்கம் இல்லை. குருவுக்கு அவருடைய மகள் வயதுதான். இருந்தாலும் எல்லோரையும்போல அம்மா என்றே கூப்பிடுவார். குரு அவரை ஐயா என்பார். அதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

இன்று வாரத்தின் நடுவில், மழையில், குடையைக்கூட மடக்காமல் வந்து நின்றார்.

“எதைக் கத்துக்கிச்சு?” என்றார் குரு.

நாச்சிமுத்து சொன்னார். நாய்க்குட்டியின் பெயர் பந்து. உட்காரச் சொன்னால் உட்காரும். நிற்கச் சொன்னால் நிற்கும். கை கொடுக்கும். விசில் அடித்தால் எங்கிருந்தாலும் ஓடி வரும். அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். ஒரு விசிலில் மைதானத்தையே அடக்கியவர். நாயிடம் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்பது அவர் தெருவில் எழுதாத சட்டம் என்பதால் சிட், ஸ்டே, நோ எல்லாம் முறையாகவே பழக்கியிருந்தார்.

ஆனால் வீட்டுக்குள் வைத்தால் ஒரு நிமிஷம் நிற்பதில்லை. வெளியே ஓடிவிடுகிறது. கதவைச் சாத்தினால் பிராண்டிக்கொண்டே அழுகிறது. எதிர்வீட்டு ராமாத்தாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பசங்களை மேய்த்த வாத்தியாருக்கு ஒரு குட்டியை மேய்க்க முடியவில்லையே என்று தினமும் விசாரிக்கிறாள்.

“அவ பேசறது கெடக்குதுங்க. டாக்டர் சொன்னதுதான்...”

கால்நடை டாக்டர் சொன்னது இது. குட்டிக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஐப்பசி மழை இப்போதைக்கு விடாது. இன்னும் நாலு நாள் சாரலில் கிடந்தால் பிழைக்காது. வீட்டுக்குள் படுக்க வைக்க முடியாவிட்டால், முடிகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

தோப்புக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். நாளைக் காலையில் வருகிறேன் என்றிருக்கிறார்.

“கொடுக்கறதுங்களா வேண்டாமுங்களான்னு...” நாச்சிமுத்து முடிக்கவில்லை.

குரு ஒரு காம்பை உருவினார்.

“நாய் எதுக்கு வாங்குனீங்க?”

அவர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. குடையை மடக்கினார். மறுபடி விரித்தார்.

அவர் மனைவி கமலவேணி பெங்களூரில், மகள் வீட்டில் இருக்கிறாள். மகளுக்குக் குழந்தை பிறந்தபோது போனவள். போனது போன வருஷம் சித்திரையில். மூன்று மாதம் என்றுதான் பேச்சு. ஆடி போகட்டும் என்றாள். பிறகு குழந்தைக்குத் தடுப்பூசி என்றாள். பிறகு, மகள் வேலைக்குத் திரும்புகிறாள், பழகின கை வேண்டும் என்றாள். இவர் ஒரு முறை அங்கே போய் இருந்து பார்த்தார். எல்லோரும் எதற்கோ ஓடிக்கொண்டே இருந்தார்கள். வீட்டை யார் பார்ப்பது என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

தினமும் போனில் பேசுவாள். ஒவ்வொரு முறையும் அடுத்த மாதம் வருகிறேன் என்பாள். பொய் சொல்கிறவள் இல்லை. சொல்லும்போது அவளும் அதை நம்புகிறாள்.

இந்த வருஷம் ஆடியில் ஒரு நாள், பேச்சோடு பேச்சாக, தனியாக இருக்கிறீர்களே, ஒரு நாய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள்.

நாச்சிமுத்து போனை வைத்துவிட்டு அதையே பல நாள் யோசித்தார். அடுத்த மாதம் வருகிறவள் நாய் வாங்கிக்கொள்ளச் சொல்வாளா?

“அப்புறம்?” என்றார் குரு.

“வாங்கிட்டனுங்க.”

குரு முறத்தைத் தூக்கி உள்ளே வைத்தார். கையைக் கழுவிவிட்டு வந்தார்.

“வாங்க, போலாம்.”

வழியெல்லாம் மழை. ஒரே குடையில் நடந்தார்கள். குரு நனையக் கூடாது என்று நாச்சிமுத்து பாதி நனைந்துகொண்டே வந்தார்.

கேட்டைத் திறந்ததும் பந்து ஓடி வந்தது. வெள்ளையில் செம்மண் கொட்டினதுபோல நிறம். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் ஏதோ கரகரத்தது. ஆனாலும் வால் நிற்கவில்லை.

நாச்சிமுத்து சொல்லச் சொல்ல அது உட்கார்ந்தது, நின்றது, கை கொடுத்தது. குருவுக்கும் கை கொடுத்தது. குரு சிரித்தார்.

பிறகு நாச்சிமுத்து கதவைத் திறந்தார். உள்ளே போய் நின்று கூப்பிட்டார். பந்து வாசற்படி வரை வந்து உட்கார்ந்துகொண்டது. திரும்பவும் கூப்பிட்டார். வாலை ஆட்டியது. படியைத் தாண்டவில்லை. அவரே வந்து தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தின் நடுவில் விட்டார்.

அது விட்ட இடத்திலேயே நின்றது. நாலு காலையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, எதன் மேலும் பட்டுவிடாமல் நின்றது. இப்படிப் பார்த்தது, அப்படிப் பார்த்தது. பிறகு ஒரே ஓட்டமாக வெளியே போய்விட்டது.

“பாத்தீங்களாம்மா?”

“பார்த்தேன். நான் கொஞ்சம் உள்ளே வரலாமுங்களா?”

“என்னங்கம்மா இப்படிக் கேக்கறீங்க. வாங்க, வாங்க.”

கூடம் பளிச்சென்று இருந்தது. குரு ஜன்னலோரம் இருந்த மூங்கில் நாற்காலியில் உட்காரப் போனார்.

“அதுலீங்களா...” நாச்சிமுத்துவின் கை தானாக உயர்ந்தது. “அது கமலவேணி உக்கார்றதுங்க. மெத்தையை அவ வச்ச வாக்குல அப்படியே வச்சிருக்கறேன்.”

குரு சோபா பக்கம் போனார். அதில் பாதி பின்னிய வயர் கூடை ஒன்று இருந்தது. பச்சையும் வெள்ளையுமாக வயர்கள் சோபா முழுக்கக் கைவிரித்துக் கிடந்தன.

“கலைஞ்சா அவளுக்குத் திருப்பி எடுக்க வராதுங்க. கணக்குத் தப்பிடும்.”

குரு தரையில் உட்காரலாம் என்று சமையலறை நிலைப்படி அருகே குனிந்தார்.

“அந்த இடத்துல அவ அரிவாள்மணை போட்டு உக்காருவாளுங்க. காய் நறுக்க. கொஞ்சம் தள்ளி...” தள்ளினால் ஆட்டுக்கல். அதன் மேல் அவள் துவைத்து மடித்து வைத்த துணி.

குரு தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குள் போனார். மேடையில் பாத்திரமெல்லாம் அவள் கழுவிக் கவிழ்த்த வாக்கிலேயே இருந்தது. பக்கத்தில் ஊறுகாய் ஜாடி, வாயில் துணியால் வேடு கட்டியபடி. வேறு கை பட்டால் பூசணம் பிடித்துவிடும், அவள் வந்துதான் அவிழ்க்க வேண்டும் என்று நாச்சிமுத்து வாசலில் நின்றபடி விளக்கம் சொன்னார். சொல்லும்போது முகத்தில் ஒரு வெட்கமான சிரிப்பு வந்தது. போன வருஷத்து மாங்காய். போட்டுக் கட்டி வைத்தாள். அடுத்த நாள் பஸ் ஏறினாள்.

குரு கவிழ்த்திருந்த பித்தளைச் சொம்பின் மேல் கை வைத்தார்.

“நோ.”

சொன்னது தான்தான் என்று நாச்சிமுத்துவுக்கு ஒரு கணம் புரியவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குரு கையை எடுத்துக்கொண்டார். கோபப்பட்ட மாதிரி இல்லை. கூடத்துக்கு வந்தார். நடுவில், பந்து நின்ற அதே இடத்தில், இரண்டு காலையும் சேர்த்துக்கொண்டு நின்றார். புடவைத் தலைப்பு எதிலும் பட்டுவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.



“அம்மா, வாய் தவறிப் போச்சுங்க. மனசுல வச்சுக்காதீங்க. நின்னுட்டே இருக்கறீங்களே, உக்காருங்க.”

“எங்கீங்க ஐயா?”

நாச்சிமுத்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

எல்லாம் வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. இந்த நிமிஷமே கமலவேணி படியேறி வந்தாலும், முக்குக் கடைவரை போய்த் திரும்பினது போலத்தான் அவளுக்கு இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நாற்காலியில் உட்காரலாம். வயரை விட்ட இடத்தில் எடுக்கலாம். தினமும் விளக்குமாறு படாமல் துடைத்துத் துடைத்து இப்படி வைத்திருக்கிறார். இதைப் பார்க்கும்போதெல்லாம், அடுத்த மாதம் என்பது உண்மைதான் என்று தோன்றும்.

இன்று பார்த்தார். எங்கே உட்காரச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

“சரி, நான் நிக்கறேன்” என்றார் குரு. “நீங்க எங்க உக்காருவீங்க? எங்க படுப்பீங்க?”

பதில் சொல்ல எளிதான கேள்விதான்.  

நாச்சிமுத்துவின் கை மெல்ல உயர்ந்து வெளியே காட்டியது.

போர்ட்டிகோவில், ஸ்கூட்டருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மடக்குக் கட்டில். அதன் மேல் அவருடைய போர்வை. தலைமாட்டில் ரேடியோ, மாத்திரை டப்பா, காலையில் சாப்பிட்டுக் கழுவி வைத்த தட்டு. காற்று அடிக்கும்போதெல்லாம் சாரல் உள்ளே வந்து கட்டிலின் வெளியோரத்தை நனைத்துக்கொண்டிருந்தது.

பந்து கட்டிலில் சுவரோரமாக, காய்ந்த பக்கத்தில் படுத்திருந்தது. அவருடைய கையைப் பார்த்தது. காதைத் தூக்கியது. அவர் படுக்க வரப்போகிறார் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

எழுந்தது. ஒரு முறை இருமியது.

சுவரோரத்தை அவருக்கு விட்டுவிட்டு, மழை விழும் ஓரத்துக்குப் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது.