புழுவிடம் விட்டுச் சென்ற முட்டைகள்

அந்தக் காலத்தில், பூச்சிகளுக்கும் பேச்சு இருந்தபோது, குளவிகள் எல்லாம் மண்ணால் குடம் கட்டி அதில்தான் முட்டையிட்டன. பிள்ளைகளுக்குத் தேன் கொண்டுவந்து ஊட்டின. புழுக்களோடு அவற்றுக்குப் பகை கிடையாது.

ஓடைக்கரை ஆமணக்குச் செடியில் ஒரு பச்சைப் புழு இருந்தது. செடிக்குக் கீழே கிடந்த கல்லில் ஒரு குளவி குடம் கட்டியிருந்தது. புழு ஓயாமல் தின்பதைப் பார்த்துக் குளவி கேலி செய்யும். செடிக்கு வாய் இருந்தால் அழுதுவிடும் என்று சொல்லும். புழு கோபித்துக்கொள்ளாது. இறக்கை சும்மா முளைக்காது, அதற்கு வேண்டிய கொழுப்பை இப்போதே சேர்த்தாக வேண்டும், வண்ணத்துப்பூச்சியாகி ஓடையின் அக்கரையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று சொல்லும். அதற்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

ஐப்பசி மழையில் ஓடை பெருகிக் கல்லைத் தொட்டது. குடம் கரையத் தொடங்கியது. குளவி முட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு இலைக்கு வந்தது. அங்கும் தண்ணீர் வழிந்தது.

"இதுகள எங்கக்கா வைப்பேன்?" என்றது.

புழுவுக்கு வீடு கிடையாது. இருந்தது உடம்பு மட்டும்தான். தன் தோலுக்கடியில் வைத்துக்கொள்ளச் சொன்னது. குளவி வெகுநேரம் தயங்கிவிட்டு, வலிக்காமல் குத்தி, முட்டைகளை உள்ளே வைத்தது.

"சாப்பிட என்ன கேக்கும் இதுக?" என்றது புழு.

"முட்டைக்கு ஏதுக்கா பசி? பொரியறதுக்குள்ள வேற குடம் கட்டிட்டு வந்து எடுத்துக்கறேன்."

அந்த மழையில் மற்றச் செடிகளிலும் இதுவே நடந்தது. கடுகுச் செடியில் இருந்த குளவி கடுகுப் புழுவிடம் கேட்டது. எலுமிச்சையில் இருந்தது எலுமிச்சைப் புழுவிடம் கேட்டது. எந்தப் புழுவும் மறுக்கவில்லை.

மழை விட்டது. ஆமணக்குக் குளவி மேட்டில் குடம் கட்டியது. வாய் சற்றுக் கோணியிருந்தது. யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அதை இடித்துவிட்டு மறுபடி கட்டியது. அடுத்ததில் கழுத்து தடித்துவிட்டது. பிள்ளைகள் இருக்கப்போகிற இடமாயிற்றே என்று அதையும் இடித்தது. கடைசியில் குடம் மிக நன்றாக வந்தது. மற்றக் குளவிகளும் ஆளுக்கொரு காரணத்தால் பிந்தின.

அதற்குள் முட்டைகள் பொரிந்துவிட்டன. குஞ்சுகளுக்குப் பசித்தது. சுற்றிலும் இருந்ததைத் தின்றன. அது இறக்கைக்காகப் புழு சேர்த்து வைத்திருந்த கொழுப்பு. புழுவுக்கு இது தெரிந்தது. உடம்பைத் தண்டில் அழுத்தித் தேய்த்திருந்தால் எல்லாம் நசுங்கியிருக்கும். அது தேய்க்கவில்லை. தங்கச்சி இன்று வந்துவிடுவாள் என்றே இருந்தது.

குளவி வந்தபோது புழுவை அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு மெலிந்திருந்தது. குஞ்சுகள் தோலைத் துளைத்து வெளியே வந்து, அரிசி அரிசியாக வெள்ளைக் கூடு கட்டித் தூங்கிக்கொண்டிருந்தன. புழு தன் நூலையும் அவற்றின்மேல் போர்த்திவிட்டு, எறும்பு வந்தால் தலையை ஆட்டி விரட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே தளிர் இலை இருந்தும் வாய் வைக்கவில்லை.

"நேரமாயிடுச்சுக்கா," என்றது குளவி.

"ஒண்ணையும் எறும்பு தொடலை. எண்ணிப் பாத்துக்கோ," என்றது புழு.

குளவியால் எண்ண முடியவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் புழு இறந்தது. பிள்ளைகள் விழித்தால் எந்த முகத்தோடு பேசுவது என்று குளவி பறந்து போய்விட்டது. அந்த நல்ல குடம் காலியாகவே கிடந்தது.

ஓர் உடம்பைப் பலர் பங்கிட்டதால் அந்தப் பிள்ளைகள் எள்ளளவாகத்தான் வெளியே வந்தன. கண்விழித்ததும் அவை கண்டது புழுவின் காய்ந்த தோல். குடம் கட்டிய தாயைப் பற்றி அவற்றுக்குச் சொல்ல யாரும் இல்லை. பெண் குளவிகள் வளர்ந்து சூல்கொண்டன. பிள்ளை பெறுவதற்குப் பெண் தாய் வீட்டுக்குத்தானே போவாள்?

அன்று முதல்தான் இந்தச் சின்னக் குளவிகள் முட்டையிடும் காலம் வந்தால் இலை இலையாக உணர்கொம்பால் தட்டிப் புழுவைத் தேடுகின்றன. ஆமணக்கில் பிறந்தது ஆமணக்குப் புழுவையும், கடுகில் பிறந்தது கடுகுப் புழுவையுமே தேடுவதால்தான் அவற்றில் இத்தனை இனங்கள். அவை கெடுதல் நினைத்து வருவதில்லை. தாய் வீடு என்று அவற்றுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.