வடத்துக்கு இரண்டு முட்டை

மார்கழி நான்காம் தேதி காலை ஏழு மணிக்கு, செவல்மேட்டில் வடம் இழுக்கும் குழுவினர் ஐந்து பேர், தலைவர் தவசிக்கனி முன்னே நடக்க, துணைச் சுகாதார நிலையத்துக்குள் நுழைந்தார்கள். ஐவர் கையிலும் வடம் இருந்தது. பயிற்சி நேரத்தில் வடத்தை விடக் கூடாது என்பது குழுவின் விதி. வாசலில் ஒருவர் அதில் தடுக்கி விழுந்தார். அவருக்குக் கட்டுப் போட்ட பிறகு இவர்கள் முறை வந்தது.

விஷயம் இதுதான். பொங்கலுக்கு மறுநாள் நடக்கும் போட்டியில் செவல்மேடு ஆறு வருஷமாக ஆலடிப்பாறையிடம் தோற்றிருந்தது. ஏழாவது முறையும் தோற்றால் வடத்தை மகளிர் குழுவிடம் ஒப்படைத்துவிடுவது என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்துவிட்டது. மகளிர் குழுவின் தலைவி முத்துப்பேச்சி. அவர் தவசிக்கனியின் மனைவி. வடத்தை வைக்க வீட்டில் ஒரு மூலையை அவர் ஏற்கெனவே பெருக்கி வைத்துவிட்டார்.

நர்ஸ் நேசமணி ஐந்து பேரின் புஜத்தையும் தொட்டுப் பார்த்தார்.

“கஞ்சியும் ஊறுகாயுமா தின்னா இப்படித்தான் இருக்கும், அண்ணாச்சி. புரதச்சத்து வேணும். ஒரு கிலோ எடைக்குத் தினம் ஒரு கிராம்னு வச்சுக்கிடுங்க. ஒரு முட்டையில ஆறு கிராம் இருக்கு. பருப்பு, சுண்டல், நிலக்கடலை, நெத்திலி, எல்லாத்திலயும் இருக்கு. தினம் ஒண்ணு மாத்தி ஒண்ணு சாப்பிடணும். கூட்டத்துல யாரு ரொம்ப பலவீனமோ, அவங்களுக்கு முதல்ல கொடுங்க.”

சுவரில் ‘பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே’ என்று எழுதியிருந்தது. குழுவில் ஒருவனான கொம்பையா அதையும் படித்து மனதில் வைத்துக்கொண்டான். எழுதி வைத்ததை விட்டுவிடக் கூடாது என்பது அவன் கொள்கை.

எடை பார்க்க நிலக்கடலை மண்டிக்குப் போனார்கள். தராசில் ஐவரும் வடத்தோடு ஏறினார்கள். முந்நூற்று இருபத்திரண்டு கிலோ.

“இதுல வடம் எவ்வளவு?” என்றார் தவசிக்கனி.

“பன்னெண்டு கிலோ, அண்ணாச்சி. அப்போ அதுக்குப் பன்னெண்டு கிராம். ரெண்டு முட்டை” என்றான் கணக்கில் கெட்டிக்காரனான ஈசாக்கு.

கணக்கில் தப்பில்லை. அடுத்த கேள்வி, யார் ரொம்ப பலவீனம் என்பது. மண்டி வாசலிலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்கள்.

“நான்தான்” என்றான் கொம்பையா. “மாடிப்படி ஏறினா எனக்கு மூச்சு வாங்குது.”

“ஏலே, ஊருல எவன் வீட்டுல மாடி இருக்கு?” என்றார் தவசிக்கனி. “யோசிச்சுப் பாருங்க. போன வருஷம் ஆலடிப்பாறைக்காரன் இழுத்ததும் நம்மள்ல முதல்ல அந்தப் பக்கம் போனது யாரு?”

நாலு பேரும் வடத்தைப் பார்த்தார்கள்.

“அதுக்கு முந்தின வருஷமும் அதுதான் போச்சு” என்றான் ஈசாக்கு வருத்தத்தோடு.

அன்று மாலை சுருட்டி வைத்த வடத்தின் நடுவில் இரண்டு அவித்த முட்டைகளை வைத்தார்கள். முதலில் அது சாப்பிட வேண்டும், பிறகு இவர்கள். இருட்டும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். வடம் முட்டையைத் தொடவில்லை.

“நாம பாக்கோம்ல, கூச்சப்படுது” என்றான் கொம்பையா. எழுந்து போய்விட்டார்கள்.

காலையில் முட்டைகளைக் காணவில்லை. தவசிக்கனிக்குக் கண் கலங்கியது. “திங்குதுலே!”

மறுநாள் கொண்டைக்கடலைச் சுண்டல். அதற்கடுத்த நாள் பாசிப்பயறு. நெத்திலிக் கருவாடு வைத்த நாளில் வடம் தட்டையும் சுரண்டியிருந்தது. இவ்வளவு நன்றாகச் சாப்பிடும் ஒருத்தரை அளவுச் சாப்பாட்டோடு நிறுத்த மனம் வரவில்லை. ஐவரும் தங்கள் பங்கையும் அதற்கே வைத்துவிட்டு, பழையபடி கஞ்சி குடித்தார்கள்.

முத்துப்பேச்சி முட்டைக் கூடையைக் கவிழ்த்துக் காட்டினார். “ஏங்க, கோழி முட்டையெல்லாம் கயித்துக்கா? அந்தப் பக்கம் எலிப் புழுக்கையா கிடக்கு, பாத்தீங்களா?”

“பாவம், எலியும் பட்டினி கிடக்காம ஏதோ மிச்சத்தைத் திங்குது” என்றார் தவசிக்கனி.

மார்கழிக் கடைசியில் வடத்தின் ஓரிடத்தில் நார் நாராகப் பிரிந்திருப்பதை ஈசாக்கு கண்டுபிடித்தான். குழு கூடி ஆராய்ந்தது. உடம்பு தேறும்போது பழைய தோல் உரிவது இயல்பு என்று முடிவாயிற்று.

தை இரண்டாம் தேதி போட்டி. வடத்தின் நடுவில் சிவப்புத் துணி கட்டினார்கள். அதைத் தங்கள் கோட்டுக்குள் கொண்டுவரும் ஊர் ஜெயித்த ஊர். விசில் ஊதியதும் செவல்மேட்டுக்காரர்கள் வழக்கம்போல முன்னால் வழுக்கிக்கொண்டு போனார்கள். முத்துப்பேச்சி வடத்தை வாங்கிக்கொள்ள எழுந்தே நின்றுவிட்டார்.

அப்போது வடம் அறுந்தது. அறுந்த இடம் சிவப்புத் துணிக்கு அந்தப் பக்கம். ஐந்து பேரும் மல்லாந்து விழுந்தார்கள். விழுந்தும் விடவில்லை. துணி அவர்களோடு பறந்து வந்து கோட்டுக்குள் விழுந்தது.

ஆலடிப்பாறைக்காரர்கள் கத்தினார்கள். நடுவர் குனிந்து துணியைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். செவல்மேடு ஜெயித்தது.

“ரெண்டாப் போச்சே, அண்ணாச்சி!” என்றான் கொம்பையா.

“நல்லா சாப்பிட்டு வளர்ந்தாச்சு. இனிமே தனிக்குடித்தனம்தான்” என்றார் தவசிக்கனி.

முத்துப்பேச்சி பெருக்கிய மூலையில் ஆட்டுக்குட்டியைக் கட்டினார்.

மாசி ஏழாம் தேதி ஊர்ச் செலவில் புது வடம் வந்தது. அதன் தாய் யார் என்று கயிற்றுக் கடைக்காரருக்குச் சொல்லத் தெரியாததால் பசும்பால் புகட்டினார்கள். பிறகு ஐந்து பேரும் வரிசையாக நின்று வடத்தைத் தோளில் போட்டு, ஏப்பம் வரும்வரை தட்டிக்கொடுத்தார்கள்.