தம்பியைக் கொடுக்கப் போன அயிரை

ஆற்றங்கரை நாணல் காட்டில், ஒரு மருத மரத்தின் வேர்களுக்கு அடியில், நீர்நாய் ஒன்று வளை தோண்டித் தன் மகளோடு வாழ்ந்துவந்தது. மகளின் பெயர் அயிரை. ஒரே பிள்ளை என்பதால் அம்மா பிடிக்கும் மீனில் நடுத்துண்டு எப்போதும் அவளுக்குத்தான்.

தை மாதத்தில் அவளுக்கு ஒரு தம்பி பிறந்தான். அம்மா அவனுக்குக் கெண்டை என்று பெயர் வைத்தாள். கண் திறக்கவில்லை, பல் முளைக்கவில்லை. ஒரு தேக்கிலையால் போர்த்திவிடலாம், அவ்வளவு சின்னக் குட்டி.

அன்றிலிருந்து எல்லாம் மாறிப்போனது.

"அயிரை, சத்தம் போடாதே. தம்பி இப்போதுதான் தூங்கினான்."

"அயிரை, நான் மீன் பிடித்து வரும்வரை இவனைப் பார்த்துக்கொள்."

அயிரை பார்த்துக்கொண்டாள். முணுமுணுத்துக்கொண்டேதான் பார்த்துக்கொண்டாள்.

ஒருநாள் காலை அயிரை தானாகவே ஒரு விரால் மீனைப் பிடித்தாள். அதுதான் அவள் பிடித்த முதல் பெரிய மீன். அதை இழுத்துக்கொண்டு வளைக்குள் ஓடினாள்.

"அம்மா, இங்கே பாரேன்."

அம்மா தம்பிக்குப் பால் கொடுத்தபடியே கண்ணயர்ந்துகொண்டிருந்தாள். "நல்லது, அங்கே வை," என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அயிரை மீனை அங்கேயே போட்டுவிட்டுக் கரையில் போய் உட்கார்ந்தாள். அந்த வழியாக ஒரு நரி வந்தது.

"என்ன பாப்பா, முகம் வாடியிருக்கிறது?"

அயிரை மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். நரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டது.

"இவ்வளவுதானா? எனக்கோ பிள்ளை இல்லை. அவனை என்னிடம் கொடுத்துவிடு, நான் வளர்க்கிறேன். அப்புறம் உன் அம்மா உனக்கு மட்டும்தான். நான் அந்த ஈச்சம் புதரடியில் இருக்கிறேன்."

அம்மா மீன் பிடிக்கக் கிளம்பியதும் அயிரை தம்பியின் கழுத்தை மெல்லக் கவ்வித் தூக்கிக்கொண்டு போனாள். ஈச்சம் புதரடியில் அவனைப் புல்லில் இறக்கினாள். நரி எழுந்து நின்றது.

"பால் குடித்ததும் வயிற்றை நக்கிவிட வேண்டும்," என்றாள் அயிரை. "இல்லாவிட்டால் வயிறு உப்பி அழுவான்."

"சரி, சரி."

"மல்லாக்கப் படுக்க வைக்காதே, பயப்படுவான். இடது பக்கம் சுருட்டிப் படுக்க வைத்து, கழுத்தடியில் உன் மூக்கை வைத்தால்தான் தூங்குவான். கொட்டாவி விட்டால் பசி இல்லை. காலை உதைத்தால்தான் பசி."

"ம்ம். வைத்துவிட்டு நீ போ."

அயிரை போகவில்லை. இத்தனையும் தனக்கு எப்படித் தெரிந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை. நரியை நிமிர்ந்து பார்த்தாள். அதன் பார்வை தம்பியின் வயிற்றிலேயே இருந்தது.

"நான் சொன்னதைத் திருப்பிச் சொல், பார்க்கலாம். அவனுக்குப் பசி என்று எப்படித் தெரியும்?"

"அது எதற்கு? என்னிடம் வந்த பிறகு அவனுக்குப் பசியே எடுக்காது," என்றது நரி. அதன் வாயோரம் எச்சில் வடிந்தது.

அயிரைக்கு நரியின் எண்ணம் புரிந்துவிட்டது. சட்டென்று தம்பியைக் கவ்விக்கொண்டு ஆற்றை நோக்கி ஓடினாள். நரி பாய்ந்து அவள் வாலைக் கடித்தது. வால் கிழிந்து ரத்தம் வந்தது. அவள் உதறிவிட்டுத் தண்ணீருக்குள் குதித்தாள்.

கெண்டைக்கு நீச்சல் தெரியாது. அவன் மூக்கில் தண்ணீர் ஏறாமல் தலையை உயர்த்தியே அயிரை நீந்தினாள். கழுத்து இற்றுவிடும்போல வலித்தது. ஆற்றின் நடுவே இருந்த பாறையில் அவனை ஏற்றிவிட்டு, "அம்மா! அம்மா!" என்று கத்தினாள்.

அம்மா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தாள். அவள் பற்களைக் கண்டதும், கரையில் காத்திருந்த நரி நாணலுக்குள் மறைந்தது.

"நான்தான் அவனைக் கொண்டுபோனேன், அம்மா. கொடுத்துவிடலாம் என்றுதான் கொண்டுபோனேன்," என்று அயிரை அழுதாள்.

அம்மா கெண்டையைத் துவட்டினாள். பிறகு அயிரையின் வாலில் இருந்த காயத்தை நக்கிவிட்டாள்.

"கொஞ்ச நாளாக நான் உன் முகத்தையே பார்க்கவில்லை. அது என் தப்பு," என்றாள். "இனிமேல் கோபம் வந்தால் நேராக என்னிடம் வா. வேண்டுமானால் என்னைக் கடி. வெளியே யாரிடமும் போகாதே."

அயிரை மூக்கை உறிஞ்சினாள். "இவனைக் கடிக்கக் கூடாதா?"

"பல் முளைக்கட்டும். அப்புறம் ஒருவரை ஒருவர் கடித்துக்கொள்ளுங்கள்."

அயிரைக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அப்போது கெண்டை காலை உதைத்தான். "அம்மா, அவனுக்குப் பசிக்கிறது," என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

நாம் முணுமுணுத்துக்கொண்டே ஒருவரைப் பேணினாலும் அவர்மேல் பாசம் வளர்ந்துவிடும். அதை ஒரு நேரத்துக் கோபத்தில் கைவிடக் கூடாது.