தனி வரியில் நின்ற குறி

"ஒரே ஒரு சோதனைதான் தோற்கிறது. அதை மட்டும் நீக்கிவிடட்டுமா?" என்று கேட்டார் அருளாழி.

குரு நப்பின்னைக்கு வயது முப்பத்தொன்று. சீடர் அருளாழிக்கு அறுபத்திரண்டு. முப்பது வருஷம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர், நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்திருந்தார்.

எட்டு மாதமாக அவர் எழுதியது ஒரு வார்ப்புரு நிரல். கடிதத்தில் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு குறி போட்டால் போதும். நிரல் குறியை அழித்துப் பெயரை நிரப்பிவிடும்.

இதையே பல நாட்டுக்காரர்கள் பல கணினி மொழிகளில் எழுதுகிறார்கள். எல்லாருக்கும் ஒரே விதிகள், ஒரே நூற்று முப்பத்தாறு சோதனைகள். அத்தனையும் தேறினால்தான் அந்தக் கூட்டத்தில் இடம்.

"எது தோற்கிறது?"

"பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னும் பின்னும் 'இங்கே தொடங்கு', 'இங்கே முடி' என்று சொல்லும் குறிகள் தனி வரியில் நின்றால், வேலை முடிந்ததும் அந்த வரியே இல்லாமல் போகணுமாம். என் நிரலில் குறி போய்விடுகிறது. வெற்று வரி மட்டும் தங்கிவிடுகிறது."

நப்பின்னை திரையை எட்டிப் பார்த்தார்.

"வெற்று வரிதானே அம்மா! யாருக்கு என்ன கெட்டுப்போகும்?"

நப்பின்னை ஊர் நூலகத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்தார். அந்தக் கூட்டத்தில் முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரலில் ஓட்டினார். பிரிண்டர் மூன்று தாள் தந்தது.

அதே பட்டியலை அருளாழியின் நிரலில் ஓட்டிவிட்டு, டீ போடப் போய்விட்டார்.

நாலு தாள் வந்தது. ஏழு வந்தது. ஒரு பெயர், அப்புறம் நாலைந்து வரி வெள்ளை. இன்னொரு பெயர், மறுபடி வெள்ளை. பதினொன்றாவது தாள் மேஜையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"அம்மா, நிறுத்துங்கள்!" என்று கத்தினார் அருளாழி. கத்தும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

டீ ஆறிப்போனது. அருளாழி அதைத் தொடாமல் நிரலைத் திருத்திக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நூற்று முப்பத்தாறும்! அம்மா, அத்தனையும் தேறிவிட்டது!"

நப்பின்னை அந்த முகம் தெரியாதவரின் நிரலையும் அருளாழியுடையதையும் மறுபடி ஓட்டினார். இரண்டு முதல் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

எழுத்தின்மேல் எழுத்து உட்கார்ந்திருந்தது.

"இதில் எது ஐயா உங்களுடையது?"

அருளாழி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தாள்களை மாற்றி வைத்துப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"தெரியலையே அம்மா!" என்றார். அவர் முகமெல்லாம் சிரிப்பு.