எடுத்த இடத்தில் வைத்த பாவாயி அம்மையார்

காரைவலசு வெள்வேலநாதருக்கு ஊரின் வடக்கே ஒரு கொறங்காடு உண்டு. கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலத்தைக் கொங்கு நாட்டில் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே உழவு கிடையாது, பாசனம் கிடையாது. வானம் பார்த்துக் கிடக்கும் அந்த நிலத்தில்தான் சுவாமியின் பசுக்கள் மேய்ந்தன. அந்தப் பசுக்களின் பாலில்தான் விடிகாலை அபிஷேகம் நடந்தது. அங்கே சாணம் கலைக்கும் தொண்டைச் செய்துவந்தவர் பாவாயி அம்மையார்.

சாணம் அள்ளும் வேலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அள்ளுவதற்குக் கூடை வேண்டும். அம்மையார் கூடை வைத்துக்கொண்டதே இல்லை. பசுக்கள் போட்ட சாணத்தை விழுந்த இடத்திலேயே வெறுங்கையால் உடைத்துப் புல்லின் அடியில் தூவிவிடுவார். ஒவ்வொரு பிடிக்கும், "உன்னுது உனக்கே சாமி" என்பார். அவர் அறிந்த மந்திரம் அவ்வளவுதான். பொழுது சாயும்போது, மாடுகளை அடைக்கும் மூங்கில் படல்களைப் பிடுங்கித் தலையில் சுமந்துபோய், முந்தின நாள் இடத்துக்கு அடுத்தாற்போல் நட்டுப் பட்டி போடுவார். இப்படிப் பட்டி சதுரம் சதுரமாக நகர்ந்து, காடு முழுவதையும் சுற்றி வரும். மாடுகளின் சாணமும் மூத்திரமும் ஒரு மூலை விடாமல் மண்ணில் இறங்கும்.

புல் மண்ணிலிருந்து எடுக்கிறது. மாடு புல்லை எடுக்கிறது. மாடு எடுத்ததில் பாலும் கன்றும் போக மீதியெல்லாம் மண்ணுக்கே திரும்பவேண்டும். பாலாகப் போன குறையைக் காட்டில் தானாகப் படரும் நரிப்பயற்றங்கொடியும் வெள்வேல மரமும் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துவந்து ஈடுசெய்யும். இந்த விவரமெல்லாம் படித்தவர்கள் சொல்வது. அம்மையாருக்கு இதில் ஒன்றும் தெரியாது. சுவாமியின் நிலத்தில் விழுந்தது சுவாமிக்குச் சொந்தம் என்பது மட்டும் தெரியும்.

அவர் கணவர் மாரானும் அதே பட்டியில் தொண்டு செய்தவர்தான். ஒரு நாள் பட்டிக்குள்ளேயே பாம்பு தீண்டி இறந்தார். அன்று சாயங்காலமும் அம்மையார் படல்களை மாற்றி நட்டார்.

"புருசன் பொணம் வாசல்ல கெடக்குது, இவ படலைத் தூக்கிட்டுப் போறா பாரு! நெஞ்சா அது, கல்லா?" என்றார்கள் கிணற்றடிப் பெண்கள்.

"மாடு நிக்குதுங்களே அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மையார் நடந்தார். அன்று படல்கள் நனைந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை.

கோயிலுக்குள் அவர் போனதில்லை. சாணி வாடை சன்னிதிக்கு ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். வெளியே விளக்குத்தூணருகில் நின்று பார்த்தால் கருவறை விளக்கு ஒரு பொட்டுப்போலத் தெரியும். அதைப் பார்த்துக் கைகூப்பி ஒன்றே ஒன்று கேட்பார்: "உன்ற காட்டுப் பாலு உனக்கு நிக்கப்படாது சாமி. நான் இருக்கற வரைக்கும் நிக்கப்படாது." பிள்ளை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. இந்த ஒன்றைத்தான் கேட்டார். இந்த ஒன்றில்தான் கை வைத்தார்கள்.

தர்மகர்த்தா நல்லசிவம் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் மனம் ஆறிப்போகும். பிரதோஷம் தவறாதவர், சுவாமிக்குச் சன்னிதியில் பித்தளைக் கதவு போடவேண்டுமென்று விரதம் இருந்தவர். வாய்க்கால் பக்கத்து மஞ்சள்காட்டுக்காரர்கள் வந்து எருவுக்குச் சாணம் கேட்டபோது, சுவாமியே வழிகாட்டினார் என்று கண்ணீர் விட்டவர். மறுநாளே வண்டியுடன் கொறங்காட்டுக்கு வந்தார்.

"இனிமே கையில ஒடைக்க வேண்டாம் பாவாயி. கூடையில அள்ளி வண்டியில போடு."

"அது சாமிக்குங்களே எசமாங்க?"

"சாமிக்குத்தானே கேக்கறேன்? சாணி வித்த காசு அப்படியே பித்தளைக் கதவாகுது. நீ அள்ளினது சன்னிதி வாசல்ல மின்னும். கசக்குதா உனக்கு?"

"மாடு புல்லைத் திங்குதுங்க. புல்லு எதையத் திங்கும்?"

வண்டிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "புல்லுக்கு வாயிருக்குதாமா! பாத்து நில்லுங்க எசமான், காலைக் கடிச்சுப்போடும்."

அம்மையார் கும்பிட்ட கையை இறக்கவில்லை. "எனக்கு வெவரமாச் சொல்ல வரலீங்க. எடுத்ததை எடுத்த எடத்துல வெக்கோணும்ன்னு மட்டும் மனசுல படுதுங்க. மத்த என்ன வேலை சொன்னாலும் செய்யறேன். கூடை மட்டும் தொடச் சொல்லாதீங்க."

"அப்ப நீ நின்னுக்கோ. கூடை தொடறவங்க ஊருல எத்தனையோ பேரு" என்றார் நல்லசிவம்.

அன்றோடு தொண்டு போயிற்று. அம்மையாரிடம் மிஞ்சியது மயிலை என்ற ஒரு பசு. கிழப்பசு, மடி வற்றி வெகுகாலம் ஆகியிருந்தது. வேலிக்கு வெளியே பாறைச்சரிவு ஒன்று இருந்தது. அதுவும் சுவாமியின் நிலம்தான். ஒன்றும் முளைக்காது என்று வேலி கட்டும்போதே ஒதுக்கிவிட்ட துண்டு. அங்கிருந்த ஒற்றை வெள்வேல மரத்தடியில் குடிசை போட்டுக்கொண்டார். கூலிக்கு முள் வெட்டிக் கஞ்சி குடித்தார். நாலு படல்களை வைத்து மயிலைக்கு ஒரு சிறு பட்டி. தினமும் அதை நகர்த்தினார். மயிலை தெருவோரம் மேய்ந்துவந்து போடும் சாணத்தைக் கல்லிடுக்கு மண்ணில் உடைத்துத் தூவினார். அவருக்குத் தெரிந்த மந்திரத்தையும் விடவில்லை.

"ஏ பாவாயி, பாறைக்குச் சோறூட்டறயா? ஏப்பம் விட்டுச்சுன்னா எங்களுக்கும் ஒரு சத்தம் குடு" என்பார்கள் அந்த வழியே போகிறவர்கள்.

"வயிறு பெருசுங்க அதுக்கு. மெதுவாத்தான் ஏப்பம் வரும்" என்று சிரிப்பார் அம்மையார்.

பித்தளைக் கதவு வந்தது. மேளதாளத்தோடு பொருத்தினார்கள். அன்று அம்மையார் விளக்குத்தூணருகே போய் நின்றார். வெயில் பட்டுக் கதவு தகதகத்தது. கண் கூசிற்று. உள்ளே எரிந்த விளக்குப் பொட்டு தெரியவில்லை. வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். அதன்பிறகு அந்த வெளிச்சம் அவர் கண்ணில் படவே இல்லை.

கதவுக்குப் பின் திருவாசி, அதன்பின் வாகனம். வண்டிகள் நிற்கவில்லை. பட்டியும் நகரவில்லை, ஏனென்றால் ஒரே இடத்தில் கிடந்தால்தான் அள்ளச் சௌகரியம். கொறங்காடு எடுத்த எடுப்பில் சாகவில்லை. முதலில் மாடுகள் விரும்பித் தின்னும் கொழுக்கட்டைப்புல் குட்டையாயிற்று. பசி கொண்ட மாடுகள் நரிப்பயற்றங்கொடியை வேரோடு இழுத்துத் தின்றன. கடைசியில் மாடு வாய் வைக்காத ஊசிப்புல்லும் ஆவாரையும் நின்றன. அபிஷேகச் செம்பு கழுத்தளவாயிற்று, பாதியாயிற்று. பூசை செய்யும் சடையப்பண்டாரம் தண்ணீர் கலந்து நிரப்பினார். கலந்ததைச் சுவாமியைத் தவிர யாரும் அறியவில்லை.

நல்லசிவத்துக்கும் பயம் வந்தது. யூரியா மூட்டைகளை இறக்கினார். நாளைக்கு மழை வரும், வீசிவிடலாம் என்று பட்டியோரத்தில் அடுக்கிவைத்தார்கள். ஒரு மூட்டை கிழிந்து கொட்டிக் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. சத்தில்லாத புல்லைத் தின்று நாவறண்ட மாடுகள் அந்த வெள்ளைக் குருணையை உப்பென்று நக்கின. வெயில் ஏறுமுன் வயிறு ஊதி, வாயில் நுரை தள்ளி, கால் உதறிச் செத்தன. செத்தவற்றில் கறவையில் முதன்மையான பசுவும் ஒன்று.

பழி போடுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. "சாணியை எடுத்ததுக்கு வயிறெரிஞ்சவ அவ ஒருத்திதான். என்னத்தையோ வெச்சுட்டா" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. கிழிந்த மூட்டையை அதற்குள் அப்புறப்படுத்திவிட்டார்கள். நல்லசிவம் அதைப் பார்த்திருந்தார், பண்டாரமும் பார்த்திருந்தார்.

விளக்குத்தூணின் முன் அம்மையாரை நிறுத்தினார்கள். அந்தப் பக்கத்தில் வழக்கம், கையில் சூடம் ஏற்றி அடித்துச் சத்தியம் செய்வது. ஏற்றிய கணத்தில் தரையில் அடித்து அணைத்துவிடுவார்கள். கை சுடாது. அம்மையார் எரியும் சூடத்தை ஏந்தியபடி மூடியிருந்த கதவைப் பார்த்து நின்றார்.

"நான் வெக்கலீங்க சாமி. உன்ற மாட்டுக்கு நான் வெப்பனா?" என்றார். அணைக்க மறந்து, பதில் கேட்கிறவர்போல நின்றுகொண்டே இருந்தார். ஒரு கை பொறுக்காமல் மறு கைக்கு மாற்றினார். இரண்டு உள்ளங்கைகளும் வெந்து கொப்பளித்தன.

"கை சுட்டுப்போச்சு பாத்தீங்களா? பொய்ச் சத்தியம்!" என்றது கூட்டம்.

பண்டாரம் வாய் திறக்கவில்லை. நல்லசிவம் தலையைக் குனிந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்: செத்த பசுக்களுக்கு ஈடாக மயிலையைக் கோயில் பட்டியில் கட்டவேண்டும்.

மயிலையை ஓட்டிப்போனபோது அம்மையார் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனார். "ராத்திரிக்கு ஒரே எடத்துல கட்டிப்போடாதீங்க, அதுக்குப் பழக்கமில்லீங்க" என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டுக்கொண்டது.

தூவுவதற்கு இப்போது அவரிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் விடிந்ததும் சரிவில் குனிந்து, புண்ணான வெறுங்கையை மண்ணில் வைத்து, "உன்னுது உனக்கே சாமி" என்பார். புண் ஆறவில்லை. சீழ் வைத்தது, காய்ச்சல் கண்டது. கஞ்சி கொண்டுவந்து கொடுக்க ஒருவரும் வரவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. பெய்து ஓய்ந்ததும் கொறங்காட்டில் ஊசிப்புல் மட்டும் எழுந்தது. மிச்சமிருந்த கறவைகளும் மடி சுருங்கின. ஒரு விடியலில் பண்டாரம் செம்போடு போனபோது பட்டி காலியாகக் கிடந்தது. படலை முட்டிச் சாய்த்து, கிளுவை வேலியைப் பிளந்துகொண்டு மாடுகள் போயிருந்தன. குளம்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டு அவரும் போனார்.

தடம் பாறைச்சரிவில் முடிந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப்புல் நின்றது. புல்மேல் நரிப்பயற்றங்கொடி பூத்துப் படர்ந்திருந்தது. மயிலை சாணத்தில் கொண்டுவந்த விதைகள் எல்லாம். எங்கெங்கே சிறு பட்டி கிடந்ததோ அங்கங்கே, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, சதுரம் சதுரமாகப் பச்சை. மாடுகள் தலை நிமிராமல் மேய்ந்தன.

மயிலை மட்டும் மேயவில்லை. வெள்வேல மரத்தில் சாய்ந்திருந்த அம்மையாரின்மேல் கவிந்து நின்றது. வற்றிப்போன அந்த மடியிலிருந்து, யாரும் தொடாமல், பால் தாரையாக வடிந்தது. வெந்த உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்து அம்மையார் ஏந்தியிருந்தார்.

"வந்துட்டீங்களா சாமி?" என்றார் பண்டாரத்தைப் பார்த்து. "சித்த செம்பைப் புடிங்க. கை தாங்கமாட்டேங்குது. சாமி பாலு சிந்துதுங்க."

பண்டாரம் மண்டியிட்டுச் செம்பைப் பிடித்தார். அது நிரம்பி வழிந்தது. நிமிர்ந்து, "அம்மா" என்று முதல் தடவையாக அழைத்தார். கேட்க அம்மையார் இல்லை.

கோயில் வாசலில் நல்லசிவம் நின்றிருந்தார். "எந்த மாட்டுப் பால் இது?"

"மயிலை பாலு. பாவாயம்மா குடுத்தனுப்பிச்சுது."

"அவ கையில பட்டதையா உள்ள கொண்டு போறே?"

"அந்தக் கை ஏன் வெந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வழி விடுங்க. குடிக்கறவரு காத்துக்கிட்டிருக்காரு."

பண்டாரம் பாலைச் சுவாமியின் திருமுடியில் சொரிந்தார். சொரிந்த பால் வழியவில்லை. ஆவுடையில் தங்கவில்லை. நல்லசிவம் வெளியே ஓடிப்போய் அபிஷேக நீர் விழும் கோமுகியில் கையை வைத்துப் பார்த்தார். அது காய்ந்து கிடந்தது. வெள்வேலநாதர் ஒரு சொட்டு மீதி வைக்கவில்லை.

ஊர் அழுதது. அம்மையாருக்குக் கோயில் கட்டவேண்டும் என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள், கட்டவும் செய்தார்கள். சரிவைச் சமன்படுத்தி, பக்தர்களின் காலில் முள் குத்தாதபடி சுற்றிலும் சிமெண்டுத் தளம் போட்டார்கள். அந்தச் சதுரங்கள் அதற்கடியில்தான் இருக்கின்றன. அம்மையார் சன்னிதிக்கும் பித்தளையில் கதவு உண்டு. வெள்வேலநாதருக்கு இப்போது பாக்கெட் பால் வாங்கி அபிஷேகம் செய்கிறார்கள். அது முழுவதும் கோமுகி வழியாகச் சாக்கடைக்குப் போய்விடுகிறது.

தளத்தின் ஓரத்தில் ஒரு விரிசல் இருக்கிறது. மழை பெய்தால் அதில் கொழுக்கட்டைப்புல் எழுகிறது. பெருக்குகிறவர்கள் பிடுங்கிப் போடுகிறார்கள். அடுத்த மழைக்கு மறுபடியும் எழுகிறது. எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்து, தமக்கென ஒரு பிடியும் கொள்ளாத பாவாயி அம்மையாரின் வெந்த கைகளை வணங்குவோம். அவர் கையால் உண்டதை அந்த மண் இன்னும் மறக்கவில்லை.